வேதகிரி அடிவாரம்

செங்கற்பட்டிலிருந்து தென்கிழக்காக மாமல்லபுரத்தை நோக்கிச் செல்லும் சாலையில், ஏரிக்கரையும் நெல்வயலும் பனைவரிசையும் மாறி மாறி வந்துகொண்டிருக்க, ஏறக்குறையப் பாதி வழியில், சமதரையின் நடுவே திடீரென எழும்பி நிற்கும் கருங்கற் குன்றத்தையும், அதன் உச்சியில் பாறையோடு பாறையாக ஒட்டிக்கொண்டு தோன்றும் சிறிய ஆலயத்தையும், அடிவாரத்தில் நான்கு திசைக்கும் நான்காக ஓங்கிய கோபுரங்களையும் காணாமல் ஒருவரும் அவ்வூரைக் கடந்து போக முடியாது. அந்த ஊர் திருக்கழுக்குன்றம். சென்ற தலைமுறை வரையில் வடநாட்டு யாத்திரிகர்களுக்கு அது பட்சி தீர்த்தம். சைவர்களுக்கு என்றைக்கும் வேதகிரி.

மலையூர் என்றவுடனே உதகமண்டலமும் கொடைக்கானலும் ஏற்காடும் நம் நினைவுக்கு வந்துவிடுகின்றன. அவையெல்லாம் வெயிலுக்கு அஞ்சிய வெள்ளைக்காரர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டில் குளிர்ச்சியைத் தேடி மேலேறிப் போய் அமைத்துக்கொண்ட வாசஸ்தலங்கள். திருக்கழுக்குன்றமோ சித்திரை வெயிலில் பாறை பழுக்கக் காயும் ஊர். மலையின் உயரமும் ஐந்நூறு அடியளவே. ஆனாலும் ஒரு மலையைச் சுற்றி, அந்த மலையின் பொருட்டே பிறந்து, அந்த மலையை வலம் வருவதையே தன் வீதிகளின் ஒழுங்காகக் கொண்டு, ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்குக் குறையாமல் ஜீவித்து வந்திருக்கும் ஓர் ஊருக்கு மலையூர் என்னும் பெயர் பொருந்தாதென்றால் வேறு எந்த ஊருக்குப் பொருந்தும்?

தொண்டைமண்டலத்தின் இப்பகுதியில் மலைகள் தொடராக ஓடுவதில்லை. வயல்களுக்கும் ஏரிகளுக்கும் இடையில் தனித்தனிக் குன்றுகளாகவே கிடக்கின்றன. மழையின் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வடகிழக்குப் பருவக்காற்றோடு வந்து கொட்டிவிட்டுப் போய்விடும். தெற்கே பாலாறு, ஆண்டின் பெரும்பகுதி மணலாகவே கிடந்து, வயலூருக்கு அருகே கடலில் கலக்கிறது. ஆகையால் குன்றின் சரிவில் வழியும் நீரை வீணாக்காமல் தேக்கிக்கொள்ளும் ஏரிகளையும் குளங்களையும் நம்பியே இந்நாட்டுக் குடிகள் வாழ்ந்திருக்கிறார்கள். கோயிலுக்கு விடப்பட்ட நிலமும், அந்நிலத்துக்குப் பாய்ந்த ஏரியும், ஏரிக்கு நீர் தந்த குன்றும் ஒன்றையொன்று பற்றி நின்றன என்பதை உணர்ந்துகொண்டால், இவ்வூரின் பூர்வ சரித்திரம் முழுவதும் எளிதில் விளங்கிவிடும்.

இங்கே நான்கு குன்றுகளாக நிற்பவை நான்கு வேதங்களே என்றும், அவற்றுள் அதர்வண வேதமாகிய சிகரத்தின் மீது இறைவன் வேதகிரீசுவரராக எழுந்தருளியிருக்கிறார் என்றும் ஸ்தல புராணம் கூறும். மலைமேல் அம்மை சொக்கநாயகி. தாழக்கோயில் என்று ஊரார் சொல்லும் அடிவாரப் பெருங்கோயிலில் சுவாமி பக்தவத்சலேசுவரர், அம்மை திரிபுரசுந்தரி. அப்பரும் சம்பந்தரும் சுந்தரரும் ஆளுக்கொரு பதிகம் பாடியிருக்கிறார்கள். மாணிக்கவாசகருக்கு இறைவன் குருவடிவில் இங்கே காட்சி தந்ததாகச் சைவர்கள் நம்புவதால், திருவாசகத்தில் உள்ள திருக்கழுக்குன்றப் பதிகத்துக்குக் குருதரிசனப் பதிகம் என்றே ஒரு பெயர் வழங்குகிறது. பிற்காலத்தில், அருகிலுள்ள பொன்விளைந்த களத்தூரில் வாழ்ந்தவரும், கண்ணொளி இல்லாமலே தமிழ்க்கடலை நீந்தியவருமான அந்தகக்கவி வீரராகவ முதலியார் இத்தலத்துக்குப் புராணம் பாடினார்.

மறைமலைநகர் வாசகர்களுக்கு இந்தக் குன்றத்தோடு இன்னுமோர் உறவு உண்டு. பெருஞ்சாலையின் ஓரத்தில், 1980ஆம் ஆண்டளவில் திட்டமிட்டு எழுப்பப்பட்டு, பின்னர் மோட்டார்த் தொழிலால் பேர்பெற்ற அந்தப் புதுநகரம், தனித்தமிழ் இயக்கத்தின் தந்தையான மறைமலையடிகளின் பெயரைத் தாங்குகிறது. 1876-இல் நாகப்பட்டினத்தை அடுத்த காடம்பாடியில் பிறந்த அவருக்குப் பெற்றோர் இட்ட பெயர் வேதாசலம். நெடுநாள் மகப்பேறின்றி இருந்த அவர்கள், திருக்கழுக்குன்றத்து இறைவனை வேண்டி நோன்பிருந்து பெற்ற பிள்ளையாதலால், மலைக்கடவுளின் பெயரையே மகனுக்குச் சூட்டினார்கள். அந்த மகன் வளர்ந்து, பெயரைத் தமிழாக்கிக்கொண்டு, தமிழுலகம் முழுவதும் அறியப்பட்டார். ஆக, தொழிற்சாலைகளின் நடுவே நிற்கும் அந்நகரம், தான் அறிந்தோ அறியாமலோ, இந்தப் பழைய மலையின் பெயரையே நாள்தோறும் சொல்லிக்கொண்டிருக்கிறது.

மலையேறும் படிகள் ஐந்நூற்று அறுபதுக்கு மேற்பட்டவை. வயோதிகர்களும் கைக்குழந்தையோடு வரும் தாய்மார்களும் இடையிடையே நின்று இளைப்பாறி ஏறுகிறார்கள். ஏற ஏற, முதலில் ஊரின் கூரைகள் தாழ்கின்றன. அடுத்து நான்கு கோபுரங்களும் கண்மட்டத்துக்கு வருகின்றன. உச்சியை நெருங்கும்போது சங்கு தீர்த்தம் என்னும் பெருங்குளம் தகடு போல் விரிந்து தெரிகிறது. மேலே, கருவறையின் சுவர்களாக நிற்பவை அடுக்கிய கற்களல்ல, மிகப்பெரிய பாறைப் பலகைகள். விளக்கொளியில் அவற்றின் உட்புறத்தில் தெய்வ வடிவங்கள் மங்கலாகத் தோன்றுகின்றன. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை தேவேந்திரன் இடியாக இறங்கி இங்கே வழிபட்டுப் போகிறான் என்பது ஊராரின் நம்பிக்கை. தனித்து நிற்கும் பாறைச் சிகரத்தை மேகங்கள் உரசிப் போகும் ஐப்பசி மாலையில் அங்கே நின்றவர்களுக்கு, அந்த நம்பிக்கை எப்படிப் பிறந்தது என்று யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை.

இறங்கும் வழியில் ஒருக்கல் மண்டபம் இருக்கிறது. மாமல்லபுரத்துக்குப் போகும் ஜனங்கள் அங்குள்ள குடைவரைகளைப் பார்த்து அதிசயித்துத் திரும்புகிறார்கள். அதே பல்லவ மரபில், ஒரே பாறையைக் குடைந்து, முன்வரிசையும் பின்வரிசையுமாகத் தூண்களை நிறுத்தி, நடுவே லிங்கத்துக்குக் கருவறையும் வாயிலின் இருபுறமும் துவாரபாலகர்களும் அமைத்த இந்த மண்டபத்தின் முன் நின்று பார்ப்பவர் மிகச் சிலரே. தூண்களின் அடியும் முடியும் சதுரம், இடைப்பகுதி எட்டுப்பட்டை. அந்தப் பட்டைகளின் விளிம்பைக் கைவிரலால் தடவிப் பார்த்தால், ஏழாம் நூற்றாண்டுச் சிற்பியின் உளி நின்ற இடமும் தயங்கிய இடமும் விரலுக்குத் தட்டுப்படும். அதே சுவர்களில் வேறொரு கையின் வேலையும் இருக்கிறது. பதினேழாம் நூற்றாண்டில் சதுரங்கப்பட்டினத்துக் கடற்கரையில் பண்டகசாலை வைத்து மெல்லிய துணிகளை வாங்கிக் கப்பலேற்றிய டச்சுக்காரர்கள், மலைக்கு உல்லாசமாக வந்தபோது தங்கள் பெயர்களையும் ஆண்டுகளையும் இங்கே பொறித்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அவர்கள் அப்பெயர்களைக் கீறியிருக்க வேண்டாம் என்றே மனம் சொல்கிறது. ஆனால் கீறப்பட்டுவிட்டபின் அவையும் சரித்திர சாட்சியங்களாகிவிட்டன. வெகுதூரத்துக்கு அப்பாலிருந்து வந்த காசியாத்திரிகனும், கடல்கடந்து வந்த வியாபாரியும் ஒரே படிகளில் ஏறியிறங்கிய காலம் ஒன்று இருந்தது என்பதற்கு இந்தச் சுவரைவிட நல்ல சாட்சி கிடையாது.

ஆயினும் இவ்வூரின் சாசனங்களுள் என் மனத்தை மிகவும் கவர்ந்தது வேறொன்று. வெங்கய்யா என்னும் மகாவித்வான் எபிகிராபியா இண்டிகாவின் மூன்றாம் தொகுதியில் பதிப்பித்த இவ்வூர்க் கல்வெட்டுக்களுள் ஒன்று, இராசகேசரிவர்மனது இருபத்தேழாம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. அந்த இராசகேசரி, பல்லவன் அபராஜிதனை வென்று தொண்டை நாட்டைச் சோழநாட்டோடு சேர்த்த முதலாம் ஆதித்தனே என்று அறிஞர்கள் கொள்வார்கள். காலம் ஒன்பதாம் நூற்றாண்டின் இறுதி. சாசனம் சொல்லும் செய்தி இதுதான்: இக்கோயிலின் மூலஸ்தானத்துப் பெருமானுக்கு முன்னொரு காலத்தில் ஸ்கந்தசிஷ்யன் என்னும் அரசன் இறையிலியாக நிலம் விட்டான், வாதாபி கொண்ட நரசிங்கப் போத்தரையன் அதனை அவ்வாறே காத்தான், இப்போது ஒருவர் விண்ணப்பம் செய்துகொள்ள, சோழனும் பூர்வ ராஜர்கள் காத்தபடியே காக்கிறான்.

இதை நிதானமாக எண்ணிப் பார்க்கவேண்டும். ஸ்கந்தசிஷ்யன் பல்லவன். நரசிங்கப் போத்தரையன், 642-இல் சாளுக்கியரின் தலைநகரைக் கைப்பற்றி, மாமல்லபுரத்துக்குத் தன் விருதுப் பெயரையே ஈந்த மாமல்லன். சோழனோ அந்தப் பல்லவ வம்சத்தைப் போர்க்களத்தில் முடித்துவைத்தவன். பகைவனை வென்றவன் பகைவனுடைய தர்மத்தை அழிக்கவில்லை. அழியாமலிருந்ததைத் தன்னுடையதாக்கி எழுதிக்கொள்ளவும் இல்லை. இது இன்னாரால் தொடங்கப்பட்டது, இன்னாரால் காக்கப்பட்டது, நான் மூன்றாமவன் என்று கல்லில் வெட்டச் செய்திருக்கிறான். வெற்றிகொண்ட அரசர்களைப் பற்றி எத்தனையோ மெய்க்கீர்த்திகளைப் படித்திருக்கிறோம். அவற்றுள் எதுவும் இந்தச் சில வரிகளுக்கு ஈடாகத் தோன்றவில்லை. வந்தவரெல்லாம் முன்னிருந்தவரின் தர்மத்தைத் தொடர்ந்து நடத்துவதே இந்த ஊரின் சுபாவம் என்று நான் கருதுவதற்கு இச்சாசனமே முதற் காரணம்.

அந்தச் சுபாவத்தை இன்றும் விழாக்களில் காணலாம். சித்திரைப் பெருவிழாவின் மூன்றாம் நாளன்று சுவாமி அதிகார நந்தியின் மீது எழுந்தருள, அறுபத்துமூன்று நாயன்மார்களின் திருமேனிகளும் உடன் புறப்பட்டு மலையை வலம் வருகின்றன. பின்னர்த் தேரோட்டம். வடம் பிடிக்க வருகிறவர்களில் பாதிப்பேர் வேலையின் பொருட்டுச் சென்னைக்கும் செங்கற்பட்டுக்கும் கல்பாக்கத்துக்கும் மறைமலைநகருக்கும் நாள்தோறும் பஸ் ஏறிப் போய்வருகிறவர்கள். அன்றைக்கு மட்டும் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு வீதியில் நிற்கிறார்கள். பௌர்ணமி தோறும் கிரிவலம் நடக்கிறது. நடக்கிறவர்களின் கால்கள் வெந்துபோகாதபடி வாசலில் தண்ணீர் தெளித்துவைப்பதும், பானகமும் நீர்மோரும் கலந்துவைத்துக்கொண்டு திண்ணையில் காத்திருப்பதும், போகிறவர்களை அம்மா, ஐயா என்று கூப்பிட்டுக் கொடுப்பதும் யாரும் உத்தரவிட்டு நடப்பவை அல்ல. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி முப்பதினாயிரம் பேருக்குச் சற்றே குறைந்த ஜனத்தொகை கொண்ட இந்தப் பேரூராட்சி, இப்படிப்பட்ட நாட்களில் தன்னைப்போல் பன்மடங்கு ஜனங்களைத் தாங்கிக்கொள்கிறது.

சங்கு தீர்த்தத்தின் கதை தனியானது. மார்க்கண்டேயர் இங்கே வழிபட வந்தபோது, அபிஷேகத்துக்குத் தீர்த்தம் மொள்ளப் பாத்திரமின்றித் தவிக்க, குளத்திலிருந்து ஒரு சங்கு தோன்றிற்றாம். அதுமுதல் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை இக்குளத்தில் சங்கு பிறக்கிறதென்று ஊரார் சொல்லுகிறார்கள். வலம்புரியோ இடம்புரியோ, சங்கு என்பது கடலில் வாழும் பிராணி. மன்னார் வளைகுடாவின் மணற்படுகைகளில் முத்துக்குளிப்பாரைப் போலவே சங்குகுளிப்பாரும் மூழ்கி எடுப்பது. மலையடிவாரத்து நன்னீர்க் குளத்தில் அது தோன்றுவதை ஊரார் ஈசுவரனின் அனுக்கிரகமாகவே கொள்கிறார்கள். சங்கு தென்பட்டுவிட்டதென்ற செய்தி பரவினால், கடைகளைப் பாதியில் போட்டுவிட்டு ஊரே படித்துறைக்கு ஓடிவருகிறது. மேளதாளத்தோடு அதை எடுத்துத் தட்டில் வைத்துத் தாழக்கோயிலுக்குக் கொண்டு போகிறார்கள். முன்னர்த் தோன்றிய சங்குகளும் அங்கேதான் பத்திரப்படுத்தப்பட்டிருக்கின்றன. கார்த்திகை மாதத்துக் கடைசிச் சோமவாரத்தன்று வேதகிரீசுவரருக்கு நடைபெறும் ஆயிரத்தெட்டுச் சங்காபிஷேகத்துக்கு அவையும் மலையேறுகின்றன. குரு கன்னிராசியில் பிரவேசிக்கும் ஆண்டில் இதே குளத்தில் புஷ்கர மேளா. 2016 ஆகஸ்டு மாதத்தில் நடந்தபோது குளத்தின் படிகள் முழுவதும் மனிதத் தலைகளாகவே இருந்தன. இந்தப் பெருங்குளத்தில் நீர் நிற்பதும், அந்நீர் தெளிவாயிருப்பதும், வரத்துக்கால்கள் அடைபடாமலிருப்பதும் ஊரின் கௌரவத்தைச் சேர்ந்த விஷயங்கள். சாயக்கழிவையும் சாக்கடையையும் நீர்நிலைகளில் கலக்கவிட்டுப் பின்னர்த் துக்கப்பட்ட ஊர்கள் தமிழ்நாட்டில் எத்தனையோ உண்டு. சங்கைக் கொண்டாடுகிறவர்கள் சங்கு தோன்றும் நீரையும் அதே பக்தியோடு காக்கவேண்டும்.

இனி, ஊருக்குப் பெயர் தந்த கழுகுகளைப் பற்றிச் சொல்லவேண்டும்.

முன்பெல்லாம் உச்சிப்போதுக்குச் சற்று முன்னால், மலைச்சரிவிலுள்ள ஒரு பாறையின் மேல் பண்டாரம் அமர்ந்திருப்பார். அவருடைய குடும்பத்துக்குப் பரம்பரையாக வந்த கைங்கரியம் அது. முன்னால் பாத்திரத்தில் அரிசியும் கோதுமையும் நெய்யும் சர்க்கரையும் சேர்த்துச் சமைத்த அன்னம். சற்றுத் தள்ளி, காசியிலிருந்தும் குஜராத்திலிருந்தும் ஆந்திர தேசத்திலிருந்தும் வந்த யாத்திரிகர்கள் வெயிலில் கைகுவித்து நிற்பார்கள். முதலில் வானத்தில் இரண்டு புள்ளிகள். பின்பு வட்டமிட்டு இறங்கும் இரண்டு வெண்பறவைகள்; இறக்கையின் ஓரம் கருமை, முகம் மஞ்சள். அவை அச்சமின்றி நடந்துவந்து அன்னத்தைக் கொத்தித் தின்றுவிட்டு, அலகைப் பாறையில் துடைத்துக்கொண்டு பறந்து போகும். ஏதேனும் ஒரு நாள் அவை வராவிட்டால், கூட்டத்தில் பாவி யாரோ நிற்கிறான் என்று ஜனங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள். எட்டு முனிவர்கள் சாபத்தால் கழுகுகளாகி, யுகத்துக்கு ஒரு ஜோடியாக முக்தியடைய, கலியுகத்துக்கு எஞ்சிய ஜோடி இது என்பது புராணம். காசியில் நீராடி, இங்கே உண்டு, இராமேசுவரத்தில் தரிசனம் செய்வதாகவும் சொல்வார்கள்.

பட்சி சாஸ்திரிகள் இதனை மஞ்சள்முகப் பாறு என்பார்கள். ஐரோப்பாவின் தென்பகுதியிலிருந்து ஆப்பிரிக்கா, மேற்காசியா வழியாக நம் நாடு வரையில் பரவிய இனம் இது. இவ்வினத்தின் இந்தியக் கிளைக்கு விஞ்ஞானிகள் வைத்திருக்கும் ஜிஞ்ஜினியானஸ் என்னும் பெயர் நம் செஞ்சியின் பெயரே. பதினெட்டாம் நூற்றாண்டில் அதனை முதன்முதலாக வர்ணித்த பிரெஞ்சுக்காரர் சொன்னரா அப்பறவையைச் செஞ்சியோடு சேர்த்தே குறிப்பிட்டார். அக்காலத்தில் செஞ்சிக் குன்றுகளிலும் செங்கற்பட்டுக் குன்றுகளிலும் இது காக்கை குருவியைப் போலச் சாதாரணமாகத் திரிந்திருக்கிறது. ஊருக்கு வெளியே எறியப்பட்ட மாட்டின் சடலத்தைத் தின்று, நோய் பரவாதபடி பூமியைச் சுத்தம் செய்து, பாறை இடுக்கில் ஒன்றோ இரண்டோ முட்டையிட்டு வாழ்ந்திருக்கிறது. கோயில் அன்னம் அதற்கு ஒருவேளைப் பிரசாதம். ஆகாரம் முழுவதும் சுற்றுப்புறத்து நாட்டிலிருந்து வந்தது.

1990களின் இறுதிக்குப் பின் அவை வேதகிரிக்கு வரவில்லை. அதே ஆண்டுகளில் பாரத தேசம் முழுவதும் கழுகினங்கள் கூட்டங்கூட்டமாக மடிந்தன. காரணம் பிற்பாடுதான் துலங்கிற்று. மாடுகளின் வலிக்கும் வீக்கத்துக்கும் போட்ட டைக்ளோபினாக் என்னும் ஊசிமருந்து, அம்மாடு இறந்தபின் சடலத்தில் தங்கி, அதைத் தின்ற கழுகின் சிறுநீரகத்தைச் சில நாட்களிலேயே செயலறச் செய்துவிடுகிறது என்பதைப் பாகிஸ்தானத்தில் நடந்த ஆராய்ச்சி 2004-இல் உலகுக்குத் தெரிவித்தது. 2006-இல் இந்திய அரசு கால்நடைகளுக்கு அம்மருந்தைத் தடைசெய்தது. மறு ஆண்டே மஞ்சள்முகப் பாறு உலகளவில் அழியும் நிலையிலுள்ள இனங்களின் பட்டியலில் சேர்ந்தது. மனிதர் எவருக்கும் கழுகின் மேல் விரோதமில்லை. பால்மாடு துடிப்பதைக் காணச் சகியாத ஒரு குடியானவனின் இரக்கமே, அவன் அறியாத வழியில், அவன் பாட்டன் கைகூப்பிய பறவைக்கு விஷமாயிற்று. என் காலத்தில் நடந்த காரியங்களுள் இதைப்போல் என்னை வருத்தியது வேறில்லை.

ஸ்கந்தசிஷ்யன் விட்ட நிலத்தை மாமல்லனும் ஆதித்தனும் காத்தார்கள். விளக்கெரிக்க நெய்யும், நைவேத்தியத்துக்கு நெல்லும், தேருக்கு வடமும் தர்மகர்த்தாக்களால் காக்கப்பட்டன. பறவையை மட்டும் எந்தச் சாசனமும் காக்க இயலவில்லை. ஏனென்றால், அதன் ஜீவனம் கோயில் மதிலுக்குள்ளே இல்லை, நாற்புறத்து வயலிலும் தொழுவத்திலும் மருந்துக்கடையிலும் இருந்தது. நாடு முழுவதும் சேர்ந்து காத்தாலன்றி அது பிழைக்காது.

அந்தக் காவல் இப்போது தாமதமாகவேனும் தொடங்கியிருக்கிறது. நீலகிரியின் அடியில் மாயாற்றுப் பள்ளத்தாக்கில் கழுகுகள் இன்னும் கூடு கட்டுகின்றன. 2022-இல் தமிழக அரசு கழுகுகளைக் காப்பதற்கென்றே மாநில அளவில் ஒரு குழுவை நியமித்தது. டைக்ளோபினாக்கைப் போலவே கெடுதல் செய்யும் கீட்டோபுரோபென், அசிக்ளோபினாக் என்னும் இரு மருந்துகளையும் மத்திய அரசு 2023-இல் கால்நடைகளுக்குத் தடைசெய்தது. மெலாக்சிகாம் என்னும் மருந்து மாட்டின் வலியையும் தணிக்கும், கழுகுக்கும் தீங்கு செய்யாது. ஆகவே திருக்கழுக்குன்றத்தைச் சுற்றியுள்ள கிராமங்களில் மாடு வைத்திருக்கும் ஒவ்வொரு குடும்பத்தாரும், மருந்துக்கடையில் ஊசிமருந்து வாங்கும்போது புட்டியின் மேலுள்ள பெயரை ஒருமுறை கேட்டுத் தெரிந்துகொண்டு வாங்கவேண்டும். கோயிலின் ஒலிபெருக்கி சித்திரைத் திருவிழாவில் பத்து நாளும் எத்தனையோ அறிவிப்புக்களைச் சொல்கிறது. அவற்றோடு இந்த மூன்று மருந்துகளின் பெயரையும், கொடுக்கத்தக்க மருந்தின் பெயரையும் ஊரறியச் சொன்னால், தேர்பார்க்க வந்த குடியானவர்கள் அதைக் கேட்டுக்கொண்டு ஊர் திரும்புவார்கள்.